தூக்கிக்கலாம் என்று ஒரு சொல்

போன மாதம், கட்டட வடிவமைப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் நான்கு பேர் என் வீட்டுக்கு வந்து, புதிதாகக் கட்டப்போகும் ஒரு அலுவலகத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்துக் காட்டினீர்கள். ஒரு மூலையில் சக்கர நாற்காலிப் படம், பக்கத்தில் சாய்தளம், அதற்கும் பக்கத்தில் தனிக் கழிப்பறை. "சார், இது முழுக்கத் தடையில்லாத கட்டடம்" என்று ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார். நான் காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். "பசங்க ஆசையா வந்தாங்க, நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று என் மனைவி கடிந்துகொண்டாள். நல்ல வார்த்தை என்னிடம் இல்லையே, என்ன செய்ய? என்னிடம் இருப்பது ஒரு கெட்ட வார்த்தை. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த வார்த்தை, தூக்கிக்கலாம்.

செஞ்சியில் முப்பத்தைந்து வருடம் வீடும் கடையும் ஆபீசுமாக வடிவமைத்தவன் நான். கடைசிப் பதினைந்து வருடம், நடக்க முடியாதவர்களுக்கும் பார்வை இல்லாதவர்களுக்கும் ஏற்ற மாதிரி உள்ளறைகளை மாற்றிக் கொடுக்கும் வேலை என்னைத் தேடி வந்தது. வேறு யாரும் செய்யாததால் வந்தது, அவ்வளவுதான். அந்த வேலையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லா வீட்டிலும் ஒரு கட்டத்தில் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். "இந்த ஒரு படி தான சார்? வீட்டுல நாலு ஆம்பளைங்க இருக்கோம். தூக்கிக்கலாம்." அன்பாகத்தான் சொல்வார்கள். அதனால்தான் பதில் பேச வாய் வராது.

நம் ஊர் படியைக் கண்டால் பெருமைப்படும் ஊர். கோட்டைக்குப் படி, சிங்கவரம் பெருமாளுக்குப் படி. வெளியூர்க்காரன் மூச்சு வாங்கினால் நமக்குச் சிரிப்பு. படி ஏற முடியாத ஆள் ஒருவர் இதே ஊரில் இருக்கிறார் என்று நமக்குத் தோன்றவே தோன்றாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடம் என் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மாடியில் இருந்தது. பத்தொன்பது படி. யாருக்காக நான் வரைந்தேனோ அவர்களில் ஒருவர்கூட அந்த மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை. இந்த வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

ஒரு அலுவலகத்துக்குச் சாய்தளம் போட அளவு எழுதிக் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மறுவாரம் போய்ப் பார்த்தால் நாலே அடி நீளத்தில் செங்குத்தாக எழுப்பி, பூசி, கோடும் போட்டு வைத்திருக்கிறார் மேஸ்திரி. "இன்னா மேஸ்திரி இது?" என்றேன். "இன்னா சார், பைக்கு ஜம்முனு ஏறுது. வேணும்னா ஏத்திக் காட்டவா?" என்றார். அவருக்கு ராம்ப் என்றால் பைக் ஏறுவது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இந்த ஊரில் எல்லா வீட்டு வாசலிலும் அது ஒன்றுதான் இருக்கிறது. பைக்கைத் தூக்கிக்கலாம் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பஜாரில் கோவிந்தராஜ் என்பவர் பாத்திரக்கடை வைத்திருந்தார். முன்னால் கடை, பின்னால் வீடு. ரயில் பெட்டி மாதிரி நீண்டு போகும் பழைய கட்டடம். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், பின்னாலும் அடுத்த தெருக்காரரின் சுவர். வீட்டிலிருந்து வெளியே வர ஒரே வழி, கடை வழியாகத்தான். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பழைய தேக்கு நிலை. முதலில் அதுதான் தெருவாசல். பிற்பாடு முன்னால் கடையை இழுத்துக் கட்டியதில் நடுவில் மாட்டிக்கொண்டது. அந்த நிலையின் கீழ்க்கட்டை, அதாவது வாசப்படி, தரையிலிருந்து ஐந்து அங்குலம் உயரம். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள்.

கோவிந்தராஜுக்கு ஒரு மகள், பரிமளா. அவளுக்கு இளையவன் முரளி. காலேஜ் முடித்த நாளிலிருந்து கடையில் பரிமளாதான். பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷின் அவள் கையில் இருந்தது. சீர் வாங்க வருகிறவர்கள், "பொண்ணு இருக்குதா? அது வெட்னா தான் எழுத்து நல்லா இருக்கும்" என்று காத்திருந்து வெட்டிக்கொண்டு போவார்கள். என் வீட்டு டவராவில் இருக்கும் என் மனைவியின் பெயர்கூட அவள் எழுத்துதான்.

இருபத்தெட்டு வயதில், திண்டிவனம் ரோட்டில் ஸ்கூட்டரில் வரும்போது லாரி இடித்தது. வேலூரில் ஆறு மாதம் வைத்திருந்து அனுப்பினார்கள். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சக்கர நாற்காலியில் வீடு வந்து சேர்ந்தாள்.

கோவிந்தராஜ் என்னைக் கூப்பிட்டு விட்டார். "சார், எம்பொண்ணு ராணி மாதிரி இருக்கணும். நீங்க இன்னா சொல்றீங்களோ அதச் செய்றேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பொய் அழுகை இல்லை. மகள்மேல் உயிரையே வைத்திருந்தவர். அன்பில்லாத வீட்டில் நடந்த கதை என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள்.

அவர் கடைக்குப் போனதும் பரிமளா நாற்காலியை உருட்டிக்கொண்டு அந்த நிலைவரை வந்தாள். முன்சக்கரம் வாசப்படியில் இடித்து நின்றது.

"சார், இதுவரைக்கும் தான் இப்ப எனக்கு ஊரு. இதுக்கு அந்தாண்ட கடை" என்றாள். "நைனா ஆசைக்கு ரூம்ல இன்னா வேணா பண்ணுங்க. எனக்கு ராணி மாதிரில்லாம் வேணாம். இந்தப் படிய மட்டும் எடுத்துடுங்க. பேரு வெட்ற மெஷின் கையில தான பிடிக்கிறேன், கால்லயா பிடிக்கிறேன்? யாரையும் கூப்பிடாம நானா கடைக்குப் போய் உக்காந்துட்டேன்னா, நான் பழைய பரிமளா தான் சார்."

"எடுத்துடலாம்மா" என்றேன். என் வாயால் சொன்னேன்.

அந்த வாரமே ஆசாரியை அழைத்துப் போனேன். கீழ்க்கட்டையை இரண்டு பக்கமும் அறுத்து எடுத்து, தரையைச் சமமாகப் பூசிவிட்டால் தீர்ந்தது வேலை. ஆசாரி உட்கார்ந்து ரம்பத்தை வைக்கப் போகும் நேரம், கடையிலிருந்து கோவிந்தராஜ் ஓடி வந்தார்.

"நிறுத்துயா! இன்னா பண்றீங்க? வாசக்கால்ல ரம்பம் வைக்கிறதா?"

நான் விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை. "எங்க தாத்தா பூஜ போட்டு வச்ச நிலை சார் இது. ஏற்கெனவே அடி வாங்குன குடும்பம். இத அறுத்து இன்னொண்ணு ஆயிப்போச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

இதற்கு எந்த இன்ஜினியர் பதில் சொல்வான்? படிக்கு இரண்டு பக்கமும் மரச்சரிவு செய்து, மேலே பலகை போட்டு மூடிவிடலாம், படியில் கை வைக்க வேண்டாம் என்றேன். அதற்குக் கடைப் பக்கம் ஐந்தடி இடம் வேண்டும். "அண்டா அடுக்குற இடம் சார் அது" என்றான் முரளி. கோவிந்தராஜுக்கு வேறு கவலை. "மஞ்ச பூசுற படி மேல சக்கரம் ஏறி எறங்குறதா? தெனைக்கும் மிதிக்கிற கணக்கு ஆயிடுமே சார். தாண்டித் தான போவணும், மிதிக்கக் கூடாதே." அவருடைய மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்.

அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது.

"எதுக்கு சார் இவ்ளோ ரோதனை? தூக்கிக்கலாம். முரளி இருக்கான். கடையில ரெண்டு ஆளு இருக்கானுங்க. நான் இல்லியா? எம்பொண்ண நான் தூக்க மாட்டேனா?"

ஆசாரி என் முகத்தைப் பார்த்தார். பரிமளாவும் என்னைத்தான் பார்த்தாள், அப்பாவை இல்லை. ஊரில் இத்தனை பேருக்குப் பெயர் வெட்டிக் கொடுத்த பெண், தனக்காக ஒரு வார்த்தை பேச என்னை நம்பிக்கொண்டிருந்தாள். நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டேன். "சரிங்க, பாத்துக்கலாம்" என்றேன்.

அந்தச் 'சரி'க்கு என்னிடம் ஆயிரம் காரணம் இருந்தது. பெரியவர் மனம் நோகக் கூடாது, அவர் வீடு, அவர் நம்பிக்கை, போகப் போக மனம் மாறுவார். எல்லாம் சும்மா. அதே பஜாரில் இன்னும் இரண்டு கடைக்காரர்கள் கோவிந்தராஜ் சொல்லித்தான் என்னிடம் வந்திருந்தார்கள். அது ஒன்று. சண்டை போடுவதைவிடச் சரி என்பது சுலபம், அது இன்னொன்று. 'இந்தப் படியை எடுக்காவிட்டால் இந்த வேலையே எனக்கு வேண்டாம்' என்று பையை எடுத்துக்கொண்டு நான் கிளம்பியிருந்தால் அவர் இரண்டு நாளில் இறங்கி வந்திருப்பார். மகள்மேல் அவ்வளவு பிரியம். எனக்குத் தெரியும். தெரிந்தும் கிளம்பவில்லை.

குற்ற உணர்ச்சி இருக்கிறதே, அது நன்றாக வேலை வாங்கும். படியை விட்டுவிட்டதற்கு ஈடாக அந்த அறையை இழைத்து இழைத்துச் செய்தேன். கதவு வெளிப்பக்கம் திறக்கிற குளியலறை, தரையில் பள்ளமே இல்லை. அவளுக்கு எந்தக் கையில் பலம் அதிகம் என்று கேட்டு அந்தப் பக்கம் பிடிகம்பி. முழங்கால் உள்ளே போகிற மாதிரி கைகழுவும் தொட்டி. உட்கார்ந்தபடியே எட்டுகிற சுவிட்சு, அலமாரி, ஜன்னல் கொக்கி. இந்தப் பக்கத்தில் அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. போட்டோ எடுத்து ஒரு கூட்டத்தில் காட்டினேன். கை தட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். 'அறைக்கு வெளியே எப்படிப் போவாள்?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பொன்னாடை இன்னும் பீரோவில்தான் கிடக்கிறது. தரை துடைக்கவாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் தூக்கினார்கள். காலையில் கடைக்கு ஒரு தரம், சாப்பாட்டுக்கு உள்ளே ஒரு தரம், திரும்ப வெளியே, ராத்திரி உள்ளே. பெயர் வெட்டுகிற சத்தம் கடையில் மறுபடி கேட்டது. கோவிந்தராஜ் என்னை வழியில் பார்த்து, "நான் தான் சொன்னேன்ல சார்" என்று சிரித்தார்.

அப்புறம் சாப்பாட்டு நேரம் தள்ளிப் போனது. கூட்டம் இருக்கும்போது எப்படித் தூக்குவது? நியாயம்தானே? ஒன்றரை மணி என்பது மூன்றானது. நடுவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் வாடிக்கையாளர்கள் முன்னால் ஆளைக் கூப்பிட வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதை விட்டாள். சிறுநீரில் தொற்று வந்து காய்ச்சலில் படுத்தாள். கோவிந்தராஜுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அவரால் தூக்க முடியவில்லை. முரளிக்குக் கொள்முதலுக்குப் போக வேண்டியிருந்தது. மிச்சம் இருந்தது கடை ஆட்கள்.

ஒரு நாள் பாத்திரம் இறக்க வந்த லோடு ஆள் ஒருவனும் கை கொடுத்தான். அதற்கப்புறம் பரிமளா யாரையும் கூப்பிடவில்லை. குளியலறைக் குழாயைச் சரி பண்ண நான் போயிருந்தபோதுதான் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"தூக்குற சாக்குல அவன் கை எங்க போச்சுன்னு எனக்குத் தான் சார் தெரியும். கத்தவும் முடியல. ரெண்டு கையாலயும் நாற்காலியப் பிடிச்சிக்கினு இருக்கேன், விட்டா விழுந்துடுவேன். இத நைனாகிட்ட சொன்னா, தன்னால தூக்க முடியலன்னு தன் மேலயே கோவப்படுவார். சொல்லிடாதீங்க."

நான் சொல்லவில்லை. அதுவும் ஒரு 'சரி'தான். வீட்டில், "அவளே வேணான்னுட்டா சார், ரூம்லயே சவுரியமா இருக்குதாம்" என்றார்கள். கடையில் அவள் இடத்தில் முரளி உட்கார்ந்தான். பெயர் வெட்ட அவனுக்குப் பொறுமை இல்லை. கடை வாசலில் இருந்த 'பெயர் வெட்டித் தரப்படும்' பலகை ஒரு நாள் காணாமல் போனது. என் ராணி அறைக்குள் பரிமளா மூன்று வருடம் இருந்தாள்.

மூன்றாம் வருடம் கோவிந்தராஜ் மாரடைப்பில் போய்விட்டார்.

அன்று செவ்வாய்க்கிழமை. கடைச் சாமானை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, முன்பக்கம் ஐஸ் பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தெருவில் பந்தல், நாற்காலி, மேளம். நான் காலையில் மாலையோடு போனபோது பரிமளா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். விடியற்காலையிலேயே தூக்கி வந்து விட்டிருந்தார்கள். கண்ணாடிமேல் கையை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள்.

நம் பக்கத்தில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பாடையைத் தூக்குவதற்கு முன்னால் வீட்டு வாசலில் பார்ப்பதுதான் அவர்களுக்குக் கடைசி முகம். பெங்களூரிலிருந்து கோவிந்தராஜின் தம்பி வர வேண்டும், மூன்றிலிருந்து நாலரை ராகு காலம், அதனால் நாலரைக்கு மேல்தான் தூக்குவது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் தம்பி இரண்டு மணிக்கே வந்து இறங்கிவிட்டார். "எல்லாரும் வந்தாச்சு, அப்புறம் எதுக்கு நாலரை வரைக்கும்? மூணுக்குள்ளயே தூக்கிடுங்க" என்றார் ஒரு பெரியவர். உடனே குளிப்பாட்ட ஆரம்பித்தார்கள். சடங்கு வேகவேகமாக நடந்தது. "பொண்ணு எங்க?" என்று ஒரு அம்மாள் கேட்டார். "காத்தால இருந்து இங்கயே தான் இருந்துச்சு, அசதில உள்ள படுத்திருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். அது என் காதிலும் விழுந்தது. உள்ளே போனவள் எப்படி வெளியே வருவாள் என்று அந்த இடத்தில் யோசித்திருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். யோசிக்கவில்லை.

"மொகம் பாக்குறவங்க பாத்துக்கங்க!" என்று குரல் கொடுத்தார்கள். பெண்கள் கூட்டம் அலறியது. முரளி கொள்ளிச்சட்டியோடு நின்றான். மேளச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. தூக்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்று ஆட்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது, கடைக்குள் அண்டா அடுக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் கையை ஆட்டிக் கத்தினார்.

"உள்ள இருந்து தூக்கச் சொல்லிட்டாங்க! வீட்டாளுங்க தூக்கச் சொல்றாங்க, தூக்குங்கப்பா!"

தூக்கினோம். ஆமாம், நானும்தான். பழகிய மனிதர், கடைசியாக ஒரு தோள் கொடுப்போம் என்று நானும் கம்பில் தோள் வைத்தேன். வெடி வெடித்தது. பஜார் முனையில் திரும்பும்வரை சுமந்துவிட்டு அடுத்தவரிடம் மாற்றிக் கொடுத்தேன்.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து பரிமளா போன் செய்தாள். குரல் சாதாரணமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சார், அன்னிக்கு நீங்களும் தூக்குனீங்களாமே? முரளி சொன்னான்."

"ஆமாம்மா."

"நாலரைக்கு மேல தான்னு சொன்னாங்களேன்னு ரெண்டு மணிக்கு என்ன உள்ள தூக்கி விடச் சொன்னேன் சார். காத்தால இருந்து பாத்ரூம் போவல. எனக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு உங்களுக்கே தெரியும். உள்ள இருக்கும்போதே மேளம் வேகமா அடிக்கிது. அடிச்சுப் பிடிச்சுக்கினு வாசப்படி வரைக்கும் வந்துட்டேன். எல்லாரும் முதுகக் காட்டிக்கினு நிக்கிறாங்க. முரளின்னு கூப்டேன், கேக்கல. அப்புறம் கத்துனேன், 'தூக்குங்க, யாராவது தூக்குங்க, தூக்குங்க'ன்னு."

அவள் அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்டா அடுக்குக்குப் பக்கத்தில் நின்றவர் உள்ளே இருந்து கேட்ட குரலைத்தான் எங்களுக்குச் சொன்னார். பெற்ற மகள் தன்னைத் தூக்கச் சொன்னாள். நாங்கள் அவள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டோம்.

"நானே சொல்லி நானே அனுப்பிட்டேன் சார்" என்றாள். "நாற்காலிய விட்டுக் கீழ விழுந்து, கையாலயே ஊந்து படியத் தாண்டப் பாத்தேன். பாதி தாண்டுனேன். அம்மா வந்து பாக்கும்போது படி மேல குப்புறக் கெடந்தேன். நெஞ்செல்லாம் மஞ்ச."

"நாளைக்கே ஆசாரிய இட்டாந்து எடுத்துடுறேன்மா" என்றேன்.

"வருஷம் திரும்புற வரைக்கும் வீட்டுல எதுவும் கை வைக்கக் கூடாதாம் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் முரளியைப் போய்ப் பார்த்தேன். முதன்முறையாகக் குரலை உயர்த்திப் பேசினேன். "அக்கா மனசு எனக்குத் தெரியாதா சார்? தலைதிவசம் முடியட்டும், பாக்கலாம்" என்றான். மூன்று வருடம் தாமதமாகக் கத்திவிட்டு வந்து சேர்ந்தேன்.

தலைதிவசம் முடிந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம். நானாகப் போன் செய்தால் எடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் முரளியே கூப்பிட்டான்.

"சார், அந்த வாசப்படிய எடுக்கணும்னு சொன்னீங்களே, நாளைக்கு ஆளு வருமா?"

எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. "வரேன்பா, நாளைக்குக் காலையிலயே வரேன். அக்காகிட்ட சொல்லிட்டியா?" என்றேன்.

"அக்காவுக்கு இன்னா சார்? நான் பேட்டரி ஸ்கூட்டர் எடுத்திருக்கேன். தெருவுல உட்டா எவனாவது கை வைக்கிறான். உள்ள நடையில தான் பிளக் பாயின்ட் இருக்குது, சார்ஜ் போடணும். அந்தப் படி இடிக்கிது. நூறு கிலோ வெயிட்டு சார் அது, தெனைக்கும் யாரு தூக்குறது?"

போனை வைத்தேன். போகக் கூடாது என்று தோன்றியது. யாருக்காக எடுத்தால் என்ன, படி போனால் சரி என்றும் தோன்றியது. போனேன்.

அதே ஆசாரி. ரம்பம் வைப்பதற்கு முன்னால், பரிமளாவின் அம்மா வந்து ஒரு கற்பூரம் ஏற்றிப் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தடுக்கவில்லை. சாமிக்கும் ஒன்றும் ஆகவில்லை, நிலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் அறுத்து, நெம்பி எடுத்து, கீழே பள்ளத்தை நிரவி, மேலே ஒரு தகட்டை அடித்தாயிற்று. எடுத்த கட்டையைச் சுவரோரம் சாத்தி வைத்தார்கள். அதில் மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முரளி ஸ்கூட்டரைக் கொண்டுவரத் தெருவுக்குப் போனான். அந்த நேரத்தில் பரிமளா அறையிலிருந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. யாரும் தள்ளவில்லை. தகட்டின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது, சத்தமே இல்லை. கடையைத் தாண்டி, அவள் உட்கார்ந்து பெயர் வெட்டிய இடத்தைத் தாண்டி, நேராக முன்பக்கம் போனாள். ஐஸ் பெட்டி இருந்த இடம் இருக்கிறதே, அங்கே நின்றாள். பஜார் முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அளவு கேட்கிறீர்கள். கதவு எத்தனை அங்குலம், சரிவு எத்தனை அடி, கம்பி என்ன உயரம். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வேண்டியது அன்று பரிமளா என்னைக் கேட்டதுதான். திரும்பாமல், தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்.

"படிய எடுக்க அரை மணி நேரம் தான ஆச்சு, இல்ல சார்?"

"ஆமாம்மா" என்றேன். கைக்கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை.